கொடிவழி தேடுவார் காணும் ஆவணங்கள்



வகுப்பறையில் மாணவரிடம் நான் அடிக்கடி ஒன்று வினவுவதுண்டு. "உன் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் என்ன?" என்பேன். விடை கூறுவார் அரியர். அவரைக் கடிந்து பயனில்லை. வினவிய எனக்கும் விடை தெரியாது. ஆனால், அமெரிக்க நாட்டில் ஏழு தலைமுறைக்கு முன் காடு திருத்திக் குடியேறிய ஓர் எளிய உழவன் நின்ற போர்க்களத்தையும், உழுத நிலத்தையும், அவன் மனைவி மக்களையும் இன்றுள்ள வழித்தோன்றல் ஆவணங்கொண்டு நிறுவுகின்றான். அஃது எங்ஙனம் இயன்றது? அவ்வாவணங்கள் யாரைக் காட்டுகின்றன? யாரை மறைக்கின்றன? இவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

கொடிவழி தேடுவார்க்கு முதல் நெறி, அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுதல். தன்னிலிருந்து தந்தை, தந்தையிலிருந்து பாட்டன் என ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். புகழ்பெற்ற மறவன் ஒருவனை முன்னோன் என வரித்துக்கொண்டு, அவனிடமிருந்து கீழே இறங்கி வருவோர் வழுக்கி விழுவர். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் மூவர் இருந்திருக்கலாம் அல்லவா?

இனிப் படைப்பணி ஆவணத்தைக் காண்போம். அந்நாட்டு விடுதலைப்போர் 1775இல் தொடங்கி 1783இல் முடிந்தது. 1800ஆம் ஆண்டு நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீக்கிரையாகித் தொடக்ககால ஏடுகள் அழிந்தன. 1832இல் வந்த சட்டமோ, ஆறு திங்களேனும் பணிபுரிந்த மறவர்க்கு ஓய்வூதியம் வழங்கிற்று. எழுபதும் எண்பதும் கடந்த முதியோர் முறைமன்றம் ஏறி, எங்குப் பிறந்தோம், எத்தலைவன்கீழ் நின்றோம், எக்களத்திற் பொருதோம் எனத் தம் வாயாற் கூறினர். எழுத்து எரிந்த இடத்தில் முதியோர் நினைவே ஆவணமாயிற்று! அத்தகைய கோப்புகள் ஏறத்தாழ 80,000 அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றின் படிகளை இன்று கணினியிலும் காணலாம்.

1836ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைம்பெண்டிரும் ஊதியம் பெறும் உரிமை விரிந்தது. ஆனால், மணம் நிகழ்ந்ததை நிறுவவேண்டும். திருமணப் பதிவு கிடைக்காதவர் என் செய்வர்? வீட்டிலிருந்த விவிலிய நூலில், பிறப்பும் மணமும் இறப்பும் எழுதிவைத்த தாள்களைக் கிழித்து அனுப்பினர். பென்சில்வேனியாவில் வாழ்ந்த செருமானியர், பறவையும் பூவும் வண்ணத்தால் தீட்டித் தம் மொழியில் எழுதிய பிறப்புத் தாள்களையே அனுப்பினர். பல வீடுகளின் குடும்ப வரலாறு இவ்வாறே அரசின் கோப்பிற் சென்று தங்கிற்று.

அச்செருமானியர் பெயர்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள். ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். மியுல்லர் மில்லர் ஆனார். தச்சர் எனப் பொருள்படும் சிம்மர்மன் என்னும் பெயர், அப்பொருளுடைய கார்ப்பெண்டர் என்னும் ஆங்கிலப் பெயராகவும் மாறிற்று. இன்று தேடும் பெயரன் ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்திருப்பின், ஓரெல்லையில் வழி அடைபட்டு நிற்பான். முன்னோர் மொழியை மறந்தவனுக்கு முன்னோர் பெயரும் அயற்பெயரே!

அடுத்தது நில ஆவணம். 1776இல் பேராயம், போர் முடியும்வரை நிற்கும் படைஞனுக்கு 100 குறுக்கமும், படைப்பிரிவுத் தலைவனுக்கு 500 குறுக்கமும் தருவதாக உறுதி கூறிற்று. நாம் ஏக்கர் என வழங்குவதே குறுக்கம். 1855ஆம் ஆண்டுச் சட்டம் 14 நாள் பணிசெய்தவனுக்கும் 160 குறுக்கம் தந்தது. ஆயினும், அந்நிலவுரிமைத் தாளைப் பலர் விற்றுவிட்டனர். ஆதலின், தாளிற் பெயருள்ளவன் அந்நிலத்தில் வாழ்ந்தான் என்று முடிவுகட்டலாகாது. 1862ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின் கோப்புகளோ வேறுவகையின. ஐந்தாண்டு அங்கேயே வாழ்ந்து பயிரிட்டதை அண்டையார் இருவர் சான்றுரைக்க வேண்டும். கட்டிய வீடு, உழுத பரப்பு, உடன்வாழ்ந்தோர் ஆகிய அனைத்தும் அவற்றில் உள.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். அந்நிலம் அதற்குமுன் யாருடையது? சியார்சியா மாநிலம் 1832இல் செரோக்கி மக்களின் நிலத்தை 160 குறுக்கமாகவும், பொன் விளையும் பகுதியை 40 குறுக்கமாகவும் கூறிட்டு, குலுக்கற்சீட்டு எடுத்து வெள்ளையர்க்கு வழங்கிற்று. அம்மக்களோ அன்று அங்கேயே வாழ்ந்திருந்தனர்! 1838இல் படைஞர் அவர்களைத் திரட்டி மேற்கே துரத்தினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். முன்னோனின் உரிமைச்சீட்டைக் கண்டு மகிழும் பெயரன், அச்சீட்டிலுள்ள ஆண்டையும் படித்தல் வேண்டும்.

மூன்றாவது குடிமதிப்பு ஏடு. உரிமைபெற்ற மக்கள் ஒவ்வொருவர் பெயரையும் 1850ஆம் ஆண்டு ஏடே முதன்முதல் குறித்தது. அதற்குமுன் வீட்டுத்தலைவர் பெயர் மட்டுமே. ஆனால் 1850, 1860 ஆகிய ஈராண்டு அடிமை ஏடுகளிலும் உடையவன் பெயர் இருக்கும். அடிமைகட்கோ அகவையும் பாலும் நிறமுமே இருக்கும். மாந்தனைப் பெயரின்றி எண்ணிய கொடுமை அது! பெரும்பாலோர் பெயர் 1870ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேதான் முதன்முதல் ஏறிற்று.

அந்த இருட்சுவரிலும் ஒரு வாயில் உண்டு. உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின மறவர் பணிபுரிந்தனர். அவர்தம் கைம்பெண்டிர் ஓய்வூதியம் வேண்டியபோது காட்டுதற்கு மணச்சான்று இல்லை. அடிமைகளின் மணத்தைச் சட்டம் ஏற்றிலது. ஆதலின், உடன் அடிமைப்பட்டிருந்த முதியோர் வந்து, "இவளும் அவனும் எங்கள் கண்முன் மணந்தனர்; இவை அவர் மக்கள்" எனச் சான்றுரைத்தனர். வேறெங்கும் எழுதப்படாத தாய் தந்தையர் பெயர்கள் அக்கோப்புகளில் வாழ்கின்றன.

பெருமக்களே! ஆவணம் என்பது வல்லார் எழுதுவது. எளியோர் பெயர் அதில் தானே ஏறுவதில்லை. யாரோ ஒரு முதியவர் வாய்திறந்து கூறியதனாலும், யாரோ ஒருவர் அதனைப் பொறுமையோடு எழுதியதனாலுமே அவை நிலைத்தன. ஆகவே, இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் இல்லத்து மூத்தோரிடம் அமருங்கள். அவர் கூறும் பெயரை அவர் ஒலித்தவாறே, நாளும் ஊரும் குறித்து எழுதுங்கள். பெருமைக்குரியதை மட்டும் எழுதிப் பழிக்குரியதை மறைக்காதீர்கள். நாளை நம் பெயரன் நம்மைத் தேடி வரும்போது, அவன் கையில் உண்மையேனும் இருக்கட்டும்!