ஒரே கூரையின் கீழ் பல விளக்குகள்

கார்த்திகை விளக்கீடு நிறைவெய்திய சில வாரங்களில் கிறிஸ்து பிறப்பு விழா வருகின்றது; அதனையடுத்துப் புத்தாண்டும், பின்னர் தைப்பொங்கலும் வருகின்றன. தெஹியோவிட்டவைச் சூழ்ந்துள்ள இறப்பர் தோட்டங்களிலே சைவரும் கிறிஸ்தவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழ்கின்றனர். ஆதலின் இப்பருவத்தில் ஒரு வாசலில் அகல் விளக்கும், மறுவாசலில் வண்ண மின்குமிழும், இன்னொரு வாசலில் காகித நட்சத்திரமும் ஒளிர்வது அங்கே இயல்பான காட்சி. அந்த ஒளி தீயாக மாறாமற் காப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தனி வீட்டில் பற்றும் தீ அவ்வீட்டோடு நிற்கக்கூடும். லயத்தின் அமைப்போ வேறு. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே நீண்ட கூரை. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையை முட்டுவதில்லை. கூரையைத் தாங்கும் மரங்கள் ஆண்டாண்டாக அடுப்புப் புகை படிந்து காய்ந்திருக்கின்றன. அடுப்பின் மேலுள்ள பரணில் இறப்பர் விறகு அடுக்கப்பட்டிருக்கின்றது. ஒரு காம்பிராவில் எழும் சுவாலை மேலே சென்று, அங்கிருந்து பக்கவாட்டில் ஓடுகின்றது. ஆகவே ஒருவர் வீட்டு அலங்காரம் அவருடைய சொந்த விடயமன்று. அது லயம் முழுவதன் விடயம்.

அலங்காரப் பொருள்களை முதலில் நோக்குவோம். சவுக்கு அல்லது சைப்பிரஸ் கிளையை வெட்டி வந்து மரமாக நாட்டுகின்றனர். வெட்டிய கிளை நாளுக்கு நாள் உலர்ந்து, பெருநாளன்று விறகிற்கு நிகராகிவிடும். அதனை ஈரமணல் நிரப்பிய வாளியில் நட்டு நாள்தோறும் நீர் வார்த்தல் நன்று. பனியைப் போலத் தோன்றுவதற்காகத் தூவும் பஞ்சும், குடில் வேயும் மானாப்புல்லும், தொங்கவிடும் மெல்லிய வண்ணக் காகிதமும் ஒரு நொடியிற் பற்றக்கூடியவை. இவற்றிற்கு மூன்றடிக்குள் மெழுகுதிரியோ அகலோ இருத்தல் ஆகாது. மாலை இடிமழையில் மின்சாரம் தடைப்படும்போதுதான் மெழுகுதிரி அவசரமாக ஏற்றப்படுகின்றது. இருளில் அது காகிதத் தோரணத்தின் கீழேயே வைக்கப்பட்டுவிடுகின்றது. மணல் இட்ட தட்டு ஒன்றினை முன்கூட்டியே தனியிடத்தில் ஆயத்தமாக வைத்தால் இத்தவறு நேராது.

மேல்நாட்டாரும் ஒருகாலத்தில் மரக்கிளைகளிலேயே மெழுகுதிரிகளை ஏற்றினர். அதனால் நேர்ந்த தீவிபத்துகள் பல. 1882ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, எடிசனின் தோழரான எட்வேர்ட் ஜோன்சன் தமது வீட்டு மரத்தில் 80 சிறு மின்குமிழ்களை ஒளிரச் செய்தார். மெழுகுதிரியின் அபாயம் நீங்க வழி பிறந்தது. ஆயினும் மின்சாரம் தனக்கே உரிய அபாயத்தையும் உடன் கொணர்ந்தது.

குமிழ்ச்சரத்திற்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. தீங்கு விளைவது இணைப்பில். செருகி இல்லாத கம்பிகளின் முனைகளைத் துளையில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்கி நிறுத்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. தளர்ந்த இணைப்பிலே பொறி பறக்கும். பொறி பறக்கும் இடத்தில் சூடு பிறக்கும். அருகிலோ மரக்குச்சியும் காகிதமும்! மேலும், 5 அம்பியர் இணைப்பொன்று 230 வோல்ற்றில் தாங்கவல்லது 1150 வாற்று மட்டுமே. அதே பலகையிற் குமிழ்ச்சரத்தோடு நீர்க் கேத்தலையும் மின்னழுத்தியையும் சேர்த்தால் கம்பி கொதிப்பதில் வியப்பில்லை. ‘டிரிப் சுவிட்ச் இருக்கிறதே’ என்று அமைதி கொள்ளலாகாது. அது மின்கசிவை அறிந்து துண்டிக்குமேயன்றித் தளர்ந்த இணைப்பின் சூட்டை அறியாது.

இதன் கொடுமையைத் தமிழகம் கண்டிருக்கின்றது. 2004ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் திருவரங்கத்திலே திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் அமைக்கப்பட்ட அலங்காரக் கீற்றுப்பந்தல் பற்றியெரிந்தது. ஒளிப்படக் கருவிக்கான விளக்கின் மின்கம்பியிலிருந்து தீ எழுந்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த ஓலை, நெருங்கிய கூட்டம், மின்கம்பி ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடியமையே அவர்தம் உயிரைக் கவர்ந்தது.

இலங்கையிலே குப்பி விளக்கு தரும் துன்பமும் சிறிதன்று. ஒடுங்கிய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கு, குழந்தையின் கைபட்டாலே சாயும். தீப்புண்பட்டோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையும் கனமும் கொண்டு, பக்கங்கள் தட்டையாய், திருகுமூடியுடன் கூடிய ‘சுதீப’ என்னும் கண்ணாடி விளக்கினை ஆக்கினார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிட்டியது. சாய்ந்தால் உருளாமை, உருண்டாலும் எண்ணெய் சிந்தாமை என்பதே அதன் தத்துவம். எந்த விளக்கை வாங்கும்போதும் இவ்விரண்டையும் சோதித்துக்கொள்ளலாம்.

இனி, லயத்தார் கூடிச் செய்யத்தக்கவை சில உண்டு. பெருநாட்களில் லயத்தின் இரு முனைகளிலும் நீர் நிறைந்த பீப்பாயும், மணல் வாளியும், நனைத்த சாக்கும் இருக்கட்டும். வாசலை மறித்துத் தோரணமோ மரமோ வைக்கவேண்டாம். இரவில் இறுதியாக உறங்கச் செல்பவர் எல்லா வாசல்களிலும் விளக்கணைந்ததா என்று பார்த்துச் செல்லும் முறையை வீட்டுக்கு ஒருநாளாக வகுத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றைத் தகரப்பெட்டியொன்றில் இட்டுக் கதவருகே வைத்தல் வேண்டும். 1948இல் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்குறை முற்றாகத் தீரப்பெற்ற சமூகத்திற்கு ஒரு தாளின் மதிப்பு என்னவென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மீறித் தீ மூண்டால், ஆட்கள் வெளியேறுவதே முதற்கடன். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, அயல் காம்பிராக்களின் கதவுகளைத் தட்டி எழுப்புக. தீயணைப்புச் சேவைக்கு 110, அம்புலன்ஸ் வண்டிக்கு 1990. மின்சாரத்தைத் துண்டிக்குமுன் நீர் ஊற்றுதல் கூடாது. எண்ணெய்த் தீயின்மேல் எப்போதும் கூடாது. ஆடையிற் பற்றினால் ஓடாமல் நிலத்தில் உருளவேண்டும். புண்ணின்மேல் இருபது நிமிடம் குளிர்ந்த நீர் ஓடட்டும். பற்பசையோ தேங்காயெண்ணெயோ பூசலாகாது.

மலைச்சரிவுப் பாதையில் தீயணைப்பு வண்டி ஏறிவரக் காலம் செல்லும். அதுவரை அயலவரே அயலவருக்குக் காவல். அக்காவல் விளக்கேற்றும் வேளையிலேயே தொடங்குமானால், பெருநாள் ஒளி ஒவ்வொரு வாசலிலும் ஒளியாகவே நிலைக்கும்.