சிலிக்கானில் ஒரு செவி

உட்செவியில் உள்ள காக்லியா, நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட ஒரு குழாய். அதனுள் நீளவாக்கில் ஓடும் பேசிலார் சவ்வு சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. ஒலி நுழைந்ததும் சவ்வின் மேல் ஓர் அலை கிளம்புகிறது. கீச்சொலியின் அலை நுழைவாயிலுக்கு அருகிலேயே உச்சம் எட்டி அடங்கிவிடும். கனத்த ஒலியின் அலை சுருளின் நுனிவரை போகும். இந்த ஓடும் அலையைப் பற்றிய ஆய்வுக்காக கியோர்க் வான் பெகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வில் சம தூரம் நகரும்போதெல்லாம் அதிர்வெண் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது. 20,000 ஹெர்ட்ஸ் முதல் 20 ஹெர்ட்ஸ் வரை விரியும் எல்லை அவ்வளவு சிறிய இடத்துக்குள் அடங்குவது இதனால்தான்.

கால்டெக்கில் ரிச்சர்ட் லயனும் கார்வர் மீடும் இந்த அமைப்பை ஒரு சிப்பில் வடித்து, 1988இல் வெளியிட்டார்கள். அது வடிகட்டிச் சுற்றுகளின் நீண்ட சங்கிலி. ஒன்றிலிருந்து வெளிவரும் சமிக்ஞை அடுத்ததற்குள் நுழையும். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறப்பதற்கு முன்பே அதில் கசியும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். அந்த நிலையில் மின்னழுத்தம் சம அளவில் குறைந்தால் மின்னோட்டம் சம விகிதத்தில் குறையும். வடிகட்டியின் அதிர்வெண்ணோ மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு நீண்ட மின்தடைக் கம்பியின் இரு முனைகளிலும் வெவ்வேறு மின்னழுத்தம் கொடுத்தாலே போதும், சங்கிலி முழுவதும் செவியின் அதிர்வெண் வரிசை தானாக அமைந்துவிடும். மின்னணுவியலில் இதைவிட அழகான பொருத்தம் அரிது. பொறியாளர்கள் பாடத்தில் ஒரு சமன்பாடாகப் படிக்கும் டிரான்சிஸ்டரின் இயல்புதான் இங்கே உடலின் இயல்போடு ஒன்றிப் போகிறது.

இதே இயல்பு தொல்லையும் தரும். ஒரே சிப்பில் அருகருகே உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள்கூட முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாடு மின்னோட்டத்தில் பெருகித் தெரியும். சங்கிலியில் இரைச்சலும் படிப்படியாகச் சேரும்.

அதைவிடக் கடினமானது ஒலிச்செறிவின் வீச்சு. மனிதச் செவி கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே செறிவில் லட்சம் கோடி மடங்கு வேறுபாடு உண்டு. மெல்லிய ஒலியைக் காக்லியாவில் உள்ள வெளி மயிர்ச்செல்கள் தாமே அசைந்து பெருக்கித் தருகின்றன. ஒலி உரக்க உரக்க அந்த உதவி குறைகிறது. எனவே சிலிக்கான் சுற்றிலும் உரத்த ஒலிக்குப் பெருக்கம் தானே தாழ வேண்டும். ராகுல் சர்பேஷ்கரும் லயனும் மீடும் 1998இல் வெளியிட்ட 117 நிலைச் சுற்று, பத்து லட்சம் மடங்கு வீச்சை அரை மில்லிவாட் மின்திறனில் எட்டியது. உயிருள்ள காக்லியாவுக்குச் சுமார் 14 மைக்ரோவாட்டே போதும் என்பது மதிப்பீடு.

இவ்வளவு குறைந்த மின்திறன், காது கேளாதோருக்குப் பொருத்தும் காக்லியர் இம்ப்ளாண்டுக்கு மிகவும் தேவை; சிறிய பேட்டரியே நாள் முழுவதும் தாங்க வேண்டும். ஆனால் அங்கே சுற்று மட்டும் சிறந்தால் போதாது. பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவியில் நரம்பைத் தூண்ட இருப்பவை 22 மின்முனைகள். இயற்கைச் செவியில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள் மயிர்ச்செல்கள் சுமார் 3,500. மின்முனைகளைக் கூட்டினாலும், காக்லியாவின் திரவத்தில் மின்னோட்டம் பரவி அண்டை நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. சுற்று நுணுக்கமாகப் பிரித்துத் தரும் ஒலி அந்த இடத்தில் மீண்டும் கலந்துவிடுகிறது. இசை கேட்பதும் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்வதும் கருவி அணிந்தவர்களுக்கு இன்றும் கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.