தனி ஆவர்த்தனமும் கீரை வடையும்

மார்கழி பிறந்தால் சென்னையில் ஒரு கூட்டம் கச்சேரி அட்டவணையும் கையுமாக சபா சபாவாக அலையும். அதில் நானும் ஒருத்தன். இந்தக் கச்சேரிப் பருவத்துக்கு விதை போட்டது ஓர் அரசியல் மாநாடு! 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் கூடியபோது கூடவே இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக மறு வருஷம் தொடங்கியதுதான் மியூசிக் அகாடமி.

ரசிகர்களில் பல ரகம். ஆலாபனை தொடங்கிய உடனே, "கரகரப்பிரியா!" என்று பக்கத்து இருக்கைக்காரர் காதில் ஓதுகிறவர் உண்டு. தொடையில் தாளம் போடுகிறவர் உண்டு. அவர் தாளமும் மேடைத் தாளமும் ஒத்துப்போனால் நம் அதிர்ஷ்டம்.

எனக்கு வருத்தம் தனி ஆவர்த்தனத்தின்போதுதான். பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். அதற்கே காத்திருந்த மாதிரி பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்கு நடக்கும். இங்கே மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, அளவைக் குறைத்துக் குறைத்து நெருங்கி, ஒன்றாகச் சேர்ந்து, கோர்வையை மூன்று தடவை வாசித்து, பாட்டின் எடுப்பில் 'டக்'கென்று வந்து இறங்கும். காலி நாற்காலிகளுக்கு அது கேட்கும்.

கேன்டீன் கீரை வடை பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோர்வை முடிந்த பிறகும் அது அங்கேதானே இருக்கப்போகிறது!