படலையில் நிற்கும் சிறு கணினி

வீட்டுக்கு வேலி உண்டு. வேலிக்குப் படலை உண்டு. படலை திறக்கும் ஓசை கேட்டதும், "ஆரது?" என்று உள்ளிருந்து ஒரு குரல் எழும். வீட்டின் காவல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. வந்தவர் உறவினராக இருக்கலாம். கடிதம் கொண்டுவந்த தபாற்காரராக இருக்கலாம். முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம். விடை கிடைத்த பின்னரே வரவேற்பதா, தடுப்பதா என்ற யோசனை பிறக்கிறது. அறிதல் முதலாவது, காத்தல் இரண்டாவது.

இன்றைய வீட்டுக்கு இன்னொரு படலையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை; திறக்கும்போது ஓசை எழுப்புவதும் இல்லை. இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் றவுட்டர் என்னும் பெட்டியே அந்தப் படலை. நால்வர் வாழும் ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். "உங்கள் வீட்டு இணையத்தில் எத்தனை கருவிகள் இணைந்துள்ளன?" என்று அவ்வீட்டுத் தலைவரைக் கேட்டால், நான்கு கைத்தொலைபேசிகள், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என ஆறோடு நிறுத்திவிடுவார். அச்சுப்பொறியும், வாசற் கமராவும், மகன் வாங்கிவந்த மின்குமிழும், அலுமாரியில் உறங்கும் பழைய தொலைபேசியும் அவர் நினைவுக்கு வருவதில்லை. சென்ற ஆண்டு விருந்துக்கு வந்தவர்களுக்கும், அயல்வீட்டுப் பிள்ளைக்கும், கமரா பூட்ட வந்த தொழிலாளிக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் அவருக்கு மறந்துபோயிருக்கும். வீட்டுத் திறப்பை இவ்வாறு பலர் கையில் கொடுத்துவிட்டு எவரும் அயர்ந்து உறங்குவதில்லை.

இந்த மறதியின் விலையை உலகம் 2016ஆம் ஆண்டில் கண்டது. 'மிறாய்' என்று பெயர் பெற்ற ஒரு தீநிரல் அவ்வாண்டில் இணையமெங்கும் பரவியது. அது பெரிய கணினிகளை நாடவில்லை. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கமராக்கள், காட்சிப் பதிவுப் பெட்டிகள், றவுட்டர்கள் ஆகியவற்றையே தேடிச் சென்றது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றியிருக்கமாட்டார் என்பதே அதன் நம்பிக்கை. பெயரும் கடவுச்சொல்லுமாக 60க்கு மேற்பட்ட இணைகளைக் கொண்ட ஒரு சிறு பட்டியலே அதன் ஆயுதம். அந்நிரலின் மூலம் செப்டெம்பர் இறுதியில் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. ஒக்டோபர் 21ஆந் திகதி, இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் பணியைச் செய்துவந்த 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மீது, இவ்வாறு வசப்படுத்தப்பட்ட கருவிகள் ஏககாலத்தில் ஏவிவிடப்பட்டன. ருவிற்றர், நெட்பிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் பலருக்குப் பல மணிநேரம் எட்டாமற் போயின. அந்நிரலை ஆக்கிய மூன்று இளைஞர்கள் 2017 டிசெம்பரில் அமெரிக்க நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி வேறொன்று. அந்தக் கமராக்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டேயிருந்தன. வாசலைக் காட்டின, குழந்தை உறங்குவதைக் காட்டின. அதே வேளையில் எங்கோ இருந்த ஒருவரின் ஏவலுக்கும் பணிந்தன. உடையவர்களுட் பலர் அதனை அறியவேயில்லை. தன் வீட்டில் இப்படியொரு கருவி இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்திராதவர், அதன் கடவுச்சொல்லை மாற்ற நினைப்பது எங்ஙனம்? எண்ணி அறியாத பொருளைக் காக்க இயலாது.

அவ்வாறு எண்ணித் தருவதற்கு ஏற்ற காவலாள் ஒன்று மலிவாகவே கிடைக்கிறது. அதுதான் றாஸ்பெரி பை என்னும் சிறு கணினி. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயில விண்ணப்பிக்கும் மாணவர் தொகை குறைந்துவருவதைக் கண்டு, எபன் அப்டன் என்பவரும் அவருடைய தோழர்களும், பிள்ளைகள் அஞ்சாமல் கையிலெடுத்துப் பழகத்தக்க ஒரு கணினியை ஆக்க முனைந்தனர். 2012 பெப்ரவரி 29ஆந் திகதி அது விற்பனைக்கு வந்தது. விலை 35 டொலர். நீளம் 85 மில்லிமீற்றர். அகலம் 56 மில்லிமீற்றர். பாடம் கற்பிக்கப் பிறந்த அக்கருவி, இன்று எத்தனையோ வீடுகளில் படலைக் காவலும் செய்கிறது. இதற்குப் புதிய மாதிரி வேண்டியதில்லை. பழைய மாதிரியே போதும். அது உண்ணும் மின்சாரமும் ஒரு சிறு மின்குமிழின் அளவே.

அது காவல் செய்யும் முறை "ஆரது?" என்ற பழைய வினாவேயன்றி வேறன்று. வீட்டு வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் றவுட்டர் ஓர் இலக்கம் வழங்குகிறது. அது விடுதி அறையின் இலக்கம் போன்றது. இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. இதனோடு, தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட 'மாக்' முகவரி ஒன்றும் கருவிக்கு உண்டு. அது 12 குறிகளால் ஆனது. அதில் அமையக்கூடிய முகவரிகளின் தொகை ஏறத்தாழ 281 இலட்சம் கோடி. முதல் ஆறு குறிகளும் பெரும்பாலும் செய்த நிறுவனத்தைச் சுட்டும். ஆகவே அது குலப்பெயர் போன்றது. இலக்கத்தைக் கூவி, அதற்குரியவரின் மாக் முகவரியைக் கேட்டறியும் விதியை டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் வெளியிட்டார். சாதாரண வீட்டு வலையமைப்பில் 254 இலக்கங்கள் வரை இருக்கும். சிறு கணினி சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவை அனைத்தையும் வரிசையாகக் கூவுகிறது. விடை சொன்னவர்களைப் பேரேட்டில் பதிகிறது. ஏட்டில் இல்லாத புதிய முகவரி தோன்றினால் வீட்டாரின் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ உடனே செய்தி விடுக்கிறது. மற்றெந்த விசாரிப்புக்கும் வாய் திறவாத கருவியும் இவ்வினாவுக்கு விடை சொல்லியே தீரவேண்டும். அன்றேல் வலையமைப்பில் அதற்கு ஒரு தகவலும் வந்து சேராது.

அமைக்கும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். முதலில் இயக்கத் தொகுதியை ஒரு நினைவு அட்டையில் எழுதிக் கணினியிற் செருகவேண்டும். அதற்கெனத் தனியான பெயரையும் கடவுச்சொல்லையும் அப்போதே இடவேண்டும். அன்றொருநாள் இச்சிறு கணினியும் யாவரும் அறிந்த பொதுப் பெயரோடும் பொதுக் கடவுச்சொல்லோடும் வெளிவந்ததே. 2022 ஏப்ரலில்தான் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. காவலாளின் கதவே திறந்து கிடந்தால் காவல் எதற்கு? பின்னர், கம்பியில்லா வழியைக் காட்டிலும் கம்பி வழியாகவே றவுட்டருடன் அதனை இணைத்தல் நன்று. றவுட்டரில் அதற்கு மாறாத இலக்கம் ஒன்றை ஒதுக்கவேண்டும். அதன்பின் 'பை.அலேர்ட்', அதன் வழியில் வளர்ந்த 'நெட்அலேர்ட்எக்ஸ்' போன்ற இலவச நிரல்களுள் ஒன்றை நிறுவினால் போதும். மின்வெட்டு நேருங்கால் நினைவு அட்டை பழுதாவதுண்டு; ஆதலால் அட்டையின் பிரதி ஒன்றை எடுத்து வைப்பது அறிவுடைமை.

மெய்யான வேலை இதன் பிறகே தொடங்குகிறது. முதல் நாட் பேரேட்டில் யாவரும் அந்நியரே. ஆறு என்று எண்ணிய வீட்டில் பதின்மூன்று வரிகள் தோன்றலாம். அவற்றுட் சில விளங்காத பெயர் தாங்கியிருக்கும். ஷாங்காய் நகரத்து எஸ்பிறெசிவ் என்னும் நிறுவனத்தின் பெயரைக் கண்டு வீட்டார் திடுக்கிடக்கூடும்; தேடிப் பார்த்தால் அது மகன் வாங்கிய மின்குமிழினுள் இருக்கும் சில்லின் பெயராக இருக்கும். வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு கருவியாக அணைத்து, ஏட்டில் எந்த வரி மறைகிறதென்று பார்த்துப் பெயரிடவேண்டும். 'சமையலறைத் தொலைக்காட்சி', 'வாசற் கமரா', 'அப்பாவின் மடிக்கணினி' என்று ஒவ்வொன்றாகப் பெயர் பெறும்போது அந்நியர் தொகை குறைகிறது. மறந்துபோன கமராவின் பழைய கடவுச்சொல்லை மாற்றும் நினைவும் அப்போதே வருகிறது. வேண்டாத கருவியை அகற்றும் துணிவும் வருகிறது. முடிவில் எந்தப் பொருளுக்கும் பொருந்தாமல் ஒரு வரி எஞ்சுமாயின், றவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, அறிந்த கருவிகளுக்கு மட்டும் புதியதை இடுதல் தகும்.

ஒரு சிக்கலையும் இங்கு அறிந்திருத்தல் வேண்டும். 2019இல் வந்த அன்ட்றொயிட் 10 முதலாகவும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலாகவும், கைத்தொலைபேசிகள் தம் மெய்யான மாக் முகவரியை மறைத்துப் புனைமுகவரி சூடுகின்றன. செல்லுமிடமெல்லாம் கடைகளும் நிலையங்களும் தம்மைப் பின்தொடராதிருக்க அவை பூணும் தற்காப்பு அது. ஆயின், அதனால் சொந்த வீட்டு மகளின் தொலைபேசியே ஒருநாள் அந்நியராக அறிவிக்கப்படலாம். முகவரியின் இரண்டாங் குறி 2, 6, ஏ, ஈ என்பவற்றுள் ஒன்றாயின் அது புனைமுகவரி என்று கொள்ளலாம். வீட்டு வலையமைப்புக்கு மட்டும் மாறாத முகவரியைப் பயன்படுத்தும்படி தொலைபேசியில் அமைத்துவிட்டால் குழப்பம் தீரும். கண்டவரை எல்லாம் பார்த்துக் குரைக்கும் நாயின் குரலுக்கு எவரும் எழுந்து வருவதில்லை.

இக்காவலாள் பூட்டு அன்று என்பதையும் மறத்தலாகாது. அது தடுப்பதில்லை, சொல்வதோடு நின்றுவிடும். ஏட்டில் உள்ள கமரா உள்ளுக்குள் கெட்டுப்போனால் அதனைக் கண்டுபிடிக்கவும் இயலாது. ஐக்கிய இராச்சியத்திலே 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. சட்டம் புதிய பொருளைத் திருத்தலாம். வீட்டு மூலையில் ஏற்கெனவே இருக்கும் பழைய பொருளைத் திருத்துவது வீட்டாரின் கடமையே.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று எஞ்சியுள்ளது. அந்நியரைப் பதியும் அதே ஏடு, வீட்டாரையும் பதிகிறது. மகளின் தொலைபேசி எத்தனை மணிக்கு வீட்டு வலையமைப்பில் இணைந்தது, மனைவியின் தொலைபேசி எப்போது நீங்கியது என்பன யாவும் அதிலே நிமிடக் கணக்கில் வரிவரியாக நிற்கும். படலைக்கு வைத்த காவலாள், அறைக்குள் எட்டிப் பார்க்கும் ஒற்றனாக மாற அதிக நேரம் வேண்டியதில்லை. அந்த ஒற்றன் சொல்வதும் முழு உண்மையன்று. மின்கலத்தைச் சேமிக்க உறங்கும் தொலைபேசி விடை சொல்லாமல் இருப்பதுண்டு. ஆள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்க, ஏடு அவர் இல்லையென்று கூறும். அதனை நம்பிப் பிள்ளையை விசாரிக்கும் தந்தை, திருடனைப் பிடிக்கப் போய் வீட்டின் நம்பிக்கையை இழப்பார்.

ஆதலின் இக்கருவியை அமைப்பவர் மறைவில் அமைத்தலாகாது. குடும்பத்தார் அனைவரையும் கூட்டி, அது எதனைப் பதிகிறது, எதனைப் பதிவதில்லை என்பதைச் சொல்லவேண்டும். ஏட்டை அவர்களும் பார்க்க வழிசெய்யவேண்டும். எவர் எப்போது வந்தார் என்னும் பழைய குறிப்புகளைச் சில நாட்களுக்குமேல் வைத்திராது அழித்துவிட வேண்டும். புதிய கருவி வந்தால் மட்டும் செய்தி தரும்படியும், வீட்டாரின் போக்குவரவுக்கு வாய் திறவாதபடியும் அமைத்தல் வேண்டும். இவை அனைத்துக்கும் அந்நிரல்களிலே வசதியுண்டு. வேண்டுவது மனம் ஒன்றே.

நல்ல படலைக்காரன் வெளியிலிருந்து வருபவரை நோக்கி நிற்பான். வீட்டாருக்குத் தன் முதுகையே காட்டுவான். றவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கும் சிறு கணினியும் அவ்வாறே நிற்கட்டும். பெயரில்லாதது ஒன்று படலையைத் தாண்டும்போது மட்டும் அது குரல் கொடுக்கட்டும். குரல் கேட்டால் எழுந்து சென்று யாரென்று பார்ப்பது வீட்டாரின் வேலை.