கைக்குழந்தையோடு ஐ.நா. சபை

நாட்டு வேலையும் வீட்டு வேலையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் என்ன செய்வது?

நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்னுக்கு 2018 ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. 6 வாரம் விடுப்பு. துணைப் பிரதமர் பொறுப்பைக் கவனித்தார். செப்டம்பரில் கைக்குழந்தையோடு நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபைக்கே போய்விட்டார். அம்மா மேடையில் பேச, பிள்ளை அப்பா மடியில்! பாப்பாவுக்கு அடையாள அட்டைகூட இருந்தது.

2023 ஜனவரியில், இனி முழுமூச்சாக உழைக்கத் தெம்பில்லை என்று சொல்லிப் பதவி விலகினார். அந்த வருஷம் மகள் பள்ளிக்கூடம் சேரும்போது கூட இருக்க ஆசை என்றும் சொன்னார்.

பொதுவேலைக்குப் போகிற தாய் தகப்பன் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பொதுச்சேவைதான்!