கருந்துளை விழுங்குவது மட்டுமா?



வைத்தியர் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் பேச்சு வரும். இன்று கொஞ்சம் மேலே பார்ப்போம். மின்சாரம் நின்ற இரவுகளில் கற்பிட்டிக் கரையில் பாய் விரித்து நாம் பார்த்த அதே வானம்தான்.

கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது பாதிக் கதை.

சுமார் 40 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், என்.ஜி.சி. 6240 என்ற இடத்தில், விண்மீன் திரள்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. அதன் நடுவே இரண்டு பெரும் கருந்துளைகள் இருப்பதை 2002இல் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி காட்டியது. அந்தப் பெயர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. விண்மீன்களினூடே செல்லும் பெரும்பொருள் அவற்றின் ஈர்ப்பால் வேகம் இழக்கும் என்று 1943இல் அவர் கணித்துக் காட்டினார். அப்படி வேகம் இழந்துதான் கருந்துளைகள் நடுவை நோக்கி இறங்குகின்றன.

திரள்கள் மோதும்போது விண்மீன்கள் முட்டிக்கொள்வது அரிது. மோதுவது அவற்றினிடையே உள்ள வாயு. மோதிய வாயு நடுவில் போய்ச் சேர்கிறது. ஒரு பங்கு புது விண்மீன்களாகிறது. இன்னொரு பங்கு கருந்துளையைச் சுற்றிச் சுழன்று, சூடேறி, ஒளிர்கிறது. அந்த ஆற்றல் மிச்ச வாயுவைக் காற்றாக வெளியே தள்ளுகிறது. 2018இல் வெளியான ஆய்வின்படி, அங்கே கருந்துளைகளின் காற்றும் புது விண்மீன்களின் காற்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 சூரியன்களின் நிறையளவு வாயுவை வெளியேற்றுகின்றன.

புத்தளம் உப்பளத்தில் உப்பு விளையுமுன் வரம்பு உடைந்தால் என்ன மிஞ்சும்? வாயு போனால் விண்மீன் பிறப்பும் குறையும். கருந்துளைக்கும் இரை குறையும், காற்றும் அடங்கும். தைரொயிட் சுரப்புக் கூடினால் கபச்சுரப்பி தன் ஏவலைக் குறைக்கும் என்று உயிரியல் வகுப்பில் படித்தோமே, அந்தப் பின்னூட்டல்தான் இதுவும்.

அன்று இவற்றைச் சேர்த்து நாம் கேட்கவில்லை. "சோதனைக்கு வராது" என்று நாமே நம் கேள்விகளை மூடி வைத்தோம். கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியை. கருந்துளைகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்கிறார். நம் வகுப்பறைகளிலும் அப்படியொரு பிள்ளை இருக்கலாம்.

நூற்றாண்டு நினைவாக வாயில் வளைவு கட்டலாம் என்று பேசிக்கொள்கிறோம். அதற்கு முன் பாடசாலைக்கு ஒரு தொலைகாட்டி வாங்குவோம். மழை ஓய்ந்த தை மாத இரவில் அன்றொமீடாத் திரளை அதில் பார்க்கலாம். அதன் நடுவிலும் ஒரு பெரும் கருந்துளை உண்டு. கண் வைத்துப் பார்க்கும் பிள்ளை ஏதாவது கேட்பாள். சோதனைக்கு வராது என்று மட்டும் அவளுக்குச் சொல்லாதிருப்போம்.