குறவஞ்சியும் குறவர் பிள்ளையும்



தமிழ் இலக்கியத்திலே குறத்திக்குக் கிடைத்த வரவேற்புப் பெரிது. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், காதலால் வாடும் வசந்தவல்லியின் கைபார்த்துக் குறி சொல்பவள் குறத்தி சிங்கி. அதற்குப் பரிசாக நகைகளும் பெறுகிறாள். முருகனின் துணைவியான வள்ளியும் குறமகளே.

ஏட்டுக்கு வெளியே நிலைமை வேறு.

மன்னாரில் என் சிறு வயதிலே, ஊரோரத்துப் பெருக்க மரத்தடியில் ஒரு குறவர் குடும்பம் கூடாரமிட்டுத் தங்குவது வழக்கம். தகப்பன் பாம்பாட்டி, தாய் சாத்திரம் சொல்வாள், பொதி சுமக்க ஒரு கழுதை. அவளிடம் கையை நீட்டிச் சாத்திரம் கேட்ட அதே பெண்கள், அவள் தண்ணீர் கேட்டால் சிரட்டையில்தான் வார்த்தார்கள். கையைத் தொடலாம், செம்பைத் தொடலாகாது! அவர்களின் மகன் என் வயதினன். தாயோடு தெலுங்கு, எங்களோடு தமிழ், தெற்கே போனால் சிங்களம் என மூன்று மொழி பேசுவான். ஒன்றிலேனும் எழுதத் தெரியாது. ஓரூரில் நிலையாக இராதவனுக்குப் பள்ளி இடாப்பிலே பெயர் ஏது?

சிங்களத்தில் ‘அகிகுண்டிக’ எனப்படும் இம்மக்களை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஜிப்சிகள்’ என்று எழுதுவதுண்டு. அது இரவற் பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற ரோமா மக்களை எகிப்தியர் எனத் தவறாக எண்ணி ஐரோப்பியர் இட்ட பெயர். 1971இல் இலண்டனிற் கூடிய முதலாவது உலக மாநாட்டில் அவர்கள் ‘ரோமா’ என்ற தம் சொந்தப் பெயரையே வேண்டி நின்றார்கள். அவர்களின் மொழி வட இந்திய மொழிகளுக்கு உறவானது. நம் நாட்டுக் குறவரின் தெலுங்கோ தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அயலார் என்று நாம் ஒதுக்கியவர்கள், மொழியால் நமக்குச் சொந்தக்காரர்.

அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள அளிக்கம்பையில் நிலையாகக் குடியேறிய குறவரின் பிள்ளைகள் தமிழிலே கல்வி கற்கிறார்கள். எழுத்து வந்தது நல்லது. ஆனால் வீட்டுத் தெலுங்கு தேய்ந்து வருகிறது. பள்ளி வாங்கிலே ஓரிடம் பெறுவதற்குத் தாய்மொழியை விலையாகக் கேட்பது நியாயமாகாது.

குறவஞ்சியைப் பாடியவர்கள் புலவர்கள், குறவர்கள் அல்லர். சிங்கி கூறும் மலைவளத்தை வகுப்பிலே வியந்து படிப்பிக்கும் நாம், அவள் பிள்ளை எந்த வாங்கில் இருக்கிறான் என்றும் கேட்க வேண்டும். தன் பாட்டி தெலுங்கிலே சொன்ன கதையை அவன் கூச்சமின்றித் தமிழில் எழுதுவானாயின், அதைப் படித்துக் காட்ட நம் வகுப்பறையில் இடம் இருக்க வேண்டும்.